கெங்கம்மாள் வைத்த பொட்டு

முப்பத்தெட்டு சதவீதம் வரை சமர்த்தாக ஏறிய எண், அதற்கு மேல் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்துப் புதுக் கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்தது. விண்டோஸுக்கு வேண்டிய கோப்புகளைப் போட முடியவில்லை, கோப்பு கெட்டிருக்கலாம், அல்லது காணாமல் போயிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் கைவிரித்தது. தமிழ்செல்விக்கு அந்த வாக்கியம் மனப்பாடமே ஆகிவிட்டது. முதல் தடவை பன்னிரண்டிலேயே நின்றது. அடுத்த தடவை அறுபதைத் தாண்டி ஆசை காட்டிவிட்டு நின்றது. ஒரே இடத்தில் நின்று தொலைத்தாலாவது இன்னதுதான் கோளாறு என்று பிடித்துவிடலாம். இதுவோ நினைத்த இடத்தில் படுத்துக்கொள்கிற மாடாக இருந்தது.

“நின்னுடுச்சா?” என்றாள் கெங்கம்மாள். மாமியார் கதவோரம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கேள்வியில் குத்தல் இல்லை, பயம்தான் இருந்தது.

“வந்துரும் அத்த. கொஞ்சம் பொறுங்க.”

ஒரு மணிக்குத் தேர்வு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆர்டர் விவரங்களைச் சரிபார்த்துப் பதிந்து தரும் வேலை. பேசிப் பார்த்ததெல்லாம் முடிந்து, சொந்தக் கம்ப்யூட்டரில் கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டிய இந்த ஒன்றுதான் பாக்கி. நேரத்துக்கு உள்ளே வராதவர் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இது போனால் திங்கட்கிழமை விடியுமுன் ஆரம்பாக்கம் நிறுத்தத்தில் அவளுடைய கும்மிடிப்பூண்டிக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். பிரசவ விடுப்பு அதோடு சரி. பாப்பா இன்னும் புட்டியை வாயில் வைத்தாலே துப்புகிறது. அதைப் பசியோடு விட்டுவிட்டு நாளெல்லாம் பாகங்களை அளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தாலே தமிழ்செல்விக்கு மார்பு கனத்தது.

இந்த அவதியெல்லாம் வேண்டியதே இல்லை. புதுவாயலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நியாஸ், கடையிலேயே விண்டோஸ் போட்டு, ஓட்டிப் பார்த்தே தருகிறேன் என்றுதான் சொன்னான். கணவன் தணிகைவேல்தான் ஒப்புக்கொள்ளவில்லை. புதுச் சாமான் வீட்டுக்கு வந்து, பூஜை போட்டு, வீட்டு மனுஷி கையால்தான் முதலில் உயிர் வர வேண்டுமாம். கடைக்காரன் ஓட்டிவிட்டால் அது பழசாம். மோட்டார் வாங்கினாலும் சரி, மிக்ஸி வாங்கினாலும் சரி, அந்த வீட்டில் அதுதான் வழக்கம். நியாஸ் சிரித்துக்கொண்டே ஒரு பென்டிரைவைக் கொடுத்து, போனில் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அனுப்பிவைத்தான். வழக்கத்தைக் காப்பாற்றிய கணவன் இப்போது கம்பெனிக்குள் இருந்தான். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். திட்டக்கூட வழியில்லை.

ஆனால் தமிழ்செல்வியை அரித்துக்கொண்டிருந்தது அது இல்லை. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பூஜையை முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சந்தனம் குழைத்தபோது, அவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. மாமனார் ராஜமாணிக்கம் போன பிறகு இந்த வீட்டில் எதற்குப் பொட்டு வைத்தாலும் கெங்கம்மாள் அடுப்படிக்குள் போய்விடுவாள். யாரும் போகச் சொன்னதில்லை. யாரும் போக வேண்டாம் என்றும் சொன்னதில்லை. அன்று காலையும் பேச்சில்லாமல் எழுந்து போனாள். தமிழ்செல்வி கிண்ணத்தோடு பின்னாலேயே போய், “நீங்க வைங்கத்த. நீங்க வெச்சாத்தான் நான் எழுதுவேன்” என்று நீட்டினாள். கெங்கம்மாள் மறுத்தாள். திரும்ப மறுத்தாள். பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பம்ப்செட்டுக்கு எங்கெங்கே மூட்டு, எங்கெங்கே வாய் என்று பார்த்துப் பார்த்து வைத்துப் பழகிய விரல் அது. மானிட்டருக்கு மூன்று, கீபோர்டுக்கு ஒன்று, தரையில் நின்ற பெரிய பெட்டிக்கு நெற்றியிலும் முகத்திலும் வரிசையாக. குளிரக் குளிரச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும். வைத்து முடித்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. தமிழ்செல்விக்கும் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை மூன்றாவது தடவை நின்றபோது போயே போய்விட்டது. அதைவிட மோசம், ‘ஒருவேளை அத்தை கை பட்டதாலோ’ என்று ஒரு நினைப்பு அவளுக்குள்ளேயே தலைநீட்டியது. சீ என்று அதைத் தள்ளினாள். ஆனாலும் வந்தது வந்ததுதானே. தன் முகத்தில் அது தெரிந்துவிட்டதோ என்று பயந்து கதவுப் பக்கமே திரும்பவில்லை.

நியாஸைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“மறுபடியும் நின்னுச்சு பாய்.”

“பென்டிரைவ்ல கோளாறு இல்லக்கா. காலையிலகூட ஒரு ஊட்டுல அதுலதான் போட்டுக் குடுத்தேன். நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஆஃப் பண்ணிட்டு, அதைப் புடுங்கிட்டு, இன்னொரு ஓட்டையில சொருவுங்க. ஜும்ஆ தொழுகைக்குக் கெளம்பணும், அதுக்குள்ள முடிச்சுறலாம்.”

அவள் பெட்டியருகே குந்தி, முன்பக்கத்தில் செருகியிருந்த பென்டிரைவை இழுத்தாள். லேசில் வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்டி இழுத்தபோது வந்தது. அதன் இரும்பு மூக்குக்குள், பளபளவென்று இருக்க வேண்டிய தகடுகளின் மேல், மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. பெட்டியின் முகத்தில் இருந்த இரண்டு துளைகளையும் பார்த்தாள். இரண்டுக்கும் நேராக வட்டமாகப் பொட்டு. காலையில் அவசரத்தில் இவளேதான் அந்த ஈரச் சந்தனத்தைக் குத்திக்கொண்டு பென்டிரைவைச் செருகியிருக்கிறாள். தொட்டும் தொடாமலும் பிடித்து, சூட்டில் காய்ந்து, விட்டு விட்டுத் தொடர்பு அறுந்திருக்கிறது.

தமிழ்செல்வி பென்டிரைவை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். மேலே கெங்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, சொருவிட்டீங்களா?”

“தூசி அடைச்சிருக்குது பாய். துடைச்சிட்டுப் போடறேன்.”

“தூசியா? சீல் ஒடைக்காத பீஸ்க்கா அது. நான் உங்களுக்குப் பழைய சரக்கைக் குடுத்துட்ட மாதிரி ஆயிடும். வீடியோல காட்டுங்க.”

“வேணாம் பாய், பரவால்ல.”

“காட்டுங்கக்கா. அண்ணன் வந்து என்னைத்தான் கேப்பாரு.”

மணி போய்க்கொண்டிருந்தது. அவனும் போய்விட்டால் நாதியில்லை. தமிழ்செல்வி போனைச் சாய்த்துப் பெட்டியின் முகத்தைக் காட்டினாள். மெதுவாகச் சொல் என்று கேட்டுக்கொள்ள வாய் திறப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

“அட, சந்தனம்க்கா. ஓட்டை ரெண்டுலயும் சந்தனத்தை வெச்சு அடைச்சி வெச்சிக்கிறீங்க. அப்புறம் எங்க ஓடும்?”

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கெங்கம்மாளின் கை நின்றது. குழந்தை சிணுங்கியது. நியாஸுக்கு அந்தப் பக்கம் என்ன தெரிந்ததோ, குரலைத் தணித்துக்கொண்டான்.

“ஒண்ணும் ஆவலக்கா. பின்னாடி நாலு ஓட்டை கீது பாருங்க. பென்டிரைவை நல்லாத் துடைச்சிட்டு அதுல சொருவுங்க. போயிரும்.”

ஊக்கால் சுரண்டி, பஞ்சால் துடைத்து, பெட்டியைத் திருப்பிப் பின்னால் செருகினாள். எண் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டைக் கடந்தது. முப்பத்தெட்டைக் கடந்தது. அறுபதில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதையும் கடந்தது. நிற்கவேயில்லை. அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. ஒவ்வொரு எண்ணும் ஏற ஏற, நின்றதற்குக் காரணம் இன்னதுதான் என்று அந்த இயந்திரம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

“பின்னால நான் பொட்டு வெக்கல,” என்றாள் கெங்கம்மாள். “அதான் ஓடுது.”

“அத்த, சந்தனம் உள்ள போனதுதான் காரணம். உங்க கை இல்ல. நான் வெச்சிருந்தாலும் நின்னுதான் இருக்கும்.”

“நீ வெச்சிருந்தா ஓட்டையிலயா வெச்சிருப்ப?”

தமிழ்செல்வி வைத்திருந்தால் ஓட்டையில் வைத்திருக்கமாட்டாள் என்பது உண்மைதான். ஆனால் அது கண் பார்வைக்கும் பழக்கத்துக்கும் சேர்ந்த சங்கதி. கெங்கம்மாள் கேட்பது அதை இல்லை. இத்தனை வருஷம் அடுப்படியில் போய் நின்றது சரிதான் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறாள். அதை அழிக்க ஒரு மணி நேரமாவது பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். இருப்பதோ கால் மணி.

“எழுதிட்டு வந்து பேசறேன் அத்த. நீங்க தப்பு பண்ணல.”

“நான் அப்பவே சொன்னேன் செல்வி, என் கை வேணாம்னு.” கெங்கம்மாள் குழந்தையோடு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

திரை நீலமாகி, கருப்பாகி, ஊர் கேட்டு, மொழி கேட்டு, பெயர் கேட்டது. வந்ததற்கெல்லாம் சரி சரி என்று தட்டினாள். போனைக் கம்பியால் பெட்டியோடு இணைத்து இணையத்தைப் பிடித்தாள். தேர்வுப் பக்கம் திறந்தபோது ஒரு மணிக்கு மிகக் கொஞ்சமே இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைக் கையாலேயே படிய வாரிக்கொண்டாள். பெட்டி அவள் இடது காலருகே, மேஜைக்குக் கீழே முனகிக்கொண்டிருந்தது.

கண்காணிப்பாளராக ஒரு பெண் வந்தாள். முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான்.

“வணக்கம் மேடம். ரூமை ஒரு ரவுண்ட் காட்டுங்க.”

தமிழ்செல்வி மானிட்டர் மேலிருந்த கேமராவைத் திருப்பிச் சுவர், கட்டில், காலித் தூளி, கதவு எல்லாம் காட்டினாள்.

“தேர்வு முடியற வரைக்கும் வேற யாரும் உள்ள வரக் கூடாது. நீங்களும் யார்கிட்டயும் பேசக் கூடாது. ஸ்கிரீனைத்தான் பாக்கணும். மீறினா அத்தோட கேன்சல் ஆயிடும். சரியா?”

“சரிங்க மேடம்.”

குரல் அவள் பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணின் ஓரத்தில் தரையோடு ஏதோ நகர்ந்தது. கெங்கம்மாள். பிள்ளையைக் கீழே பாயில் தூங்கவிட்டிருக்க வேண்டும். கையில் ஈரத்துணி. உள்ளே யாரும் தெரியக் கூடாது என்று தமிழ்செல்வி காலையில் சொல்லி வைத்தது அவளுக்கு ஞாபகமிருக்கிறது. நாற்று நடுகிறவளாக இடுப்பை மடித்து, கேமரா பார்க்காத தாழ்வில், சுவரோரமாகவே மேஜைக்கடியில் வந்துவிட்டாள். தேர்வு ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அவள் மூச்சில் கேட்டது.

தமிழ்செல்வி குனியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஈரத்துணி தகரத்தில் தேயும் சத்தம் வந்தது. முதல் பொட்டு போயிருக்கும். அடுத்ததும் தேய்ந்தது. ‘வேண்டாம் அத்த’ என்கிற இரண்டு சொல் தொண்டையில் வந்து நின்றது. சொன்னால் தேர்வு போயிற்று. சொல்லாவிட்டால், பெட்டியைத் துடைத்துவிட்டு அத்தை அடுப்படிக்குப் போவாள், இனி எந்தக் கிண்ணத்தை நீட்டியும் வெளியே வரமாட்டாள் என்று தமிழ்செல்விக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

முகத்தை அசைக்காமல் இடது கையைக் கீழே விட்டுத் துழாவினாள். ஈரமான விரல்கள் தட்டுப்பட்டன. அதற்கு மேலே, வளையல் இல்லாத மணிக்கட்டு. பிடித்துக்கொண்டாள். கெங்கம்மாள் இழுத்தாள். இவள் விடவில்லை. நடவு நட்ட கை, வலுவாக இருந்தது. இன்னொரு தடவை இழுத்தது. பிறகு இழுக்கவில்லை, ஆனால் ஈரத்துணியையும் விடவில்லை.

“எல்லாம் ஓகே மேடம்,” என்றது குரல். “கடைசியா ஒண்ணு. ரெண்டு கையையும் கேமரா முன்னாடி தூக்கிக் காட்டுங்க, ஸ்டார்ட் பண்ணிடலாம்.”

தமிழ்செல்வி வலது கையைத் தூக்கினாள். விரல்களை நன்றாக விரித்துக் காட்டினாள்.

“இன்னொரு கை, மேடம்?”