துரையும் ஸ்ரீரங்கப்பட்டணத்து மணலும்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போதே குழந்தை இயேசுவைத் தீவனத் தொட்டியில் படுக்க வைத்துவிட்டார் பர்னபாஸ். நடு இரவுப் பூசை முடியும் வரை தொட்டி காலியாக இருக்க வேண்டும் என்பது பங்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பங்குச் சாமியாரும் குடில் கமிட்டியும் வீடு வீடாகப் பார்வையிட வருவது இருபத்து மூன்றாம் தேதி மாலை. கமிட்டி வரும் நேரத்தில் பிறக்காத இயேசுவால் பர்னபாஸுக்கு என்ன பிரயோஜனம்?

போன வருஷம் குடில் போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசு. இரண்டாம் பரிசு என்றால் அவர் அகராதியில் அவமானம். அதனால் இந்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆற்று மணல் ஒரு வண்டி வந்து இறங்கியது. கேழ்வரகு முளைக்கப்போட்டுப் பச்சைப் புல்வெளி தயாரானது. பனிக்கு மருந்துக் கடைப் பஞ்சு. பனியைக் கிறிஸ்துமஸ் கார்டில் தவிர வேறெங்கும் பார்த்திராத மனிதர் பெத்லகேம் முழுவதும் அதை அரை விரல் கனத்துக்குப் பரப்பியிருந்தார்.

இதையெல்லாம் உதட்டைச் சுழித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவள் அவருடைய தங்கை ஜூடித். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் வீட்டில் இருந்தாள். சம்பளத்தில் பாதியை அண்ணியிடம் கொடுத்தாள். மீதிப் பாதியில் ஒரு பூனை வளர்த்தாள்.

பூனையின் பெயர் துரை. அது நிஜமாகவே துரை வீட்டுப் பூனைதான். பர்னபாஸின் பழைய மேலதிகாரி பெர்கின்ஸ், சுதந்திரம் வந்த வருஷம் மூட்டை கட்டியபோது, குட்டியாக இருந்த இதையும் இது போய்வர ஒரு மணல் பெட்டியையும் ஹெட் கிளார்க்கிடம் விட்டுப் போனார். பதவி உயர்வு கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த பர்னபாஸுக்குப் பூனை கிடைத்தது. அதையும் அவர் வீணாக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "இது பெர்கின்ஸ் துரை வீட்டுப் பூனை. எங்கே வேணும்னாலும் போகாது. பெட்டியிலதான் போகும். அவ்வளவு டிசிப்ளின்!" என்று சொல்லிச் சொல்லியே ஐந்து வருஷத்தை ஓட்டினார்.

அந்த டிசிப்ளின் டிசம்பர் மாதம் பிறந்ததும் கெட்டது. முதலில் பர்னபாஸின் செருப்பு. அடுத்தது குளியலறைத் தவலை. அப்புறம் அண்ணி செலின் மடித்து வைத்திருந்த போர்வை. துரை பெட்டிக்குள் கால் வைக்கும், மூக்கைச் சுருக்கும், வெளியே வந்துவிடும்.

வராமல் என்ன செய்யும்? குடிலுக்கு மணல் போதவில்லை என்று பெட்டியில் இருந்த மணலையும் அலசிக் காயவைத்து எடுத்துக்கொண்டவர் பர்னபாஸ். அதற்குப் பதில் அடுப்புச் சாம்பலைக் கொட்டி, நாற்றம் வரக்கூடாதென்று மேலே பினாயிலும் தெளித்தார். அதில் மனிதன்கூட மூச்சுவிட முடியாது.

"திமிரு! வெள்ளைக்காரன் வீட்டுத் திமிரு!" என்று பூனையின் மூக்கைப் போர்வையில் தேய்த்தார்.

ஜூடித் அன்று அண்ணனோடு சண்டை போட்டாள். ஆனால் அவளும் பூனையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வார்டில் நாற்பது பேருடைய மூத்திரத்தின் நிறத்தை எழுதி வைப்பவளுக்குத் தன் வீட்டுப் பூனை எவ்வளவு போகிறது, போகிறதா என்றுகூடத் தெரியவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி காலை, இரவு டியூட்டி முடிந்து வந்தவள் வாசலில் செருப்புக் கும்பலைப் பார்த்துத் திகைத்தாள். யாராவது செத்துப்போய்விட்டார்களோ என்று உள்ளே ஓடினால், கூடத்தில் தெருவே முழங்காலில் நின்றது.

எல்லாருக்கும் முன்னால் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம். கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலா செய்ய மாவு சலிக்கும் சல்லடையை இரவல் கேட்க வந்தவள். சல்லடை கக்கத்தில் இருந்தது. கண்ணில் நீர் ஒழுகியது.

"சேசு மரி சூசையே! பாத்தியா ஜூடித்! பாலன் ரத்தம் சிந்தியிருக்காரு! நம்ம பாவத்துக்காகப் பொறக்கிறதுக்கு முந்தியே சிந்தியிருக்காரு!"

ஜூடித் பார்த்தாள். தொட்டிக்கு அருகில், வெள்ளைப் பஞ்சின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு. நடுவில் அடர்ந்து, ஓரம் வெளிறி, மஞ்சளாக முடிந்தது. ஓரத்து மஞ்சளைப் பக்தர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வாடையைச் சாம்பிராணி அமுக்கிவிட்டிருந்தது. மணலில் விழுந்திருந்தால் யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

அவள் கண் கூடத்தில் துரையைத் தேடியது.

மரியபுஷ்பம் அந்தச் சிவப்பில் ஒரு துணுக்குப் பஞ்சைப் பிய்த்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "என்னமோ இப்பவே தெளிவாத் தெரியுது!"

"அக்கா, கண்ணை உடனே சோப்பு போட்டுக் கழுவுங்க."

"பாருங்கடி இவளை! நாலு ஊசி போடக் கத்துக்கிட்டா விசுவாசமே போயிருது!"

பர்னபாஸ் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். காலை ஏழு மணிக்குக் கோட்டு! கத்தரிக்கோலால் பஞ்சை நறுக்கி, தபால் தலை அளவுக்குத் துண்டு போட்டு, ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வாதத்துக்கு மதலைமுத்து ஒரு துண்டு வாங்கினார். மகளுக்கு வரன் அமைய ஒருத்தி வாங்கினாள். ஆபீஸில் ஒரு பென்சில் கொடுப்பதற்கு மூன்று கையெழுத்துக் கேட்கும் மனிதர் அன்று கர்ணனாக மாறியிருந்தார்.

ஜூடித் பின்கட்டுக்கு ஓடினாள். குளியலறையில் இல்லை; அடுப்படியில் இல்லை. விறகு அறையிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. அது 'மியாவ்' இல்லை. தொண்டையின் அடியிலிருந்து இழுத்து இழுத்து வந்த ஓலம். கதவில் பூட்டுத் தொங்கியது.

இடுக்கு வழியாகப் பார்த்தாள். துரை குந்தியிருந்தது. முக்கியது. ஒன்றும் வரவில்லை. நாலடி நகர்ந்து மறுபடி குந்தியது. மறுபடி ஒன்றும் இல்லை.

அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"சாவியைக் குடுங்க அண்ணா. அதுக்கு மூத்திரம் அடைச்சிருக்கு. கூடத்துல இருக்கிறது அதோட ரத்தம். உங்களுக்கும் தெரியும், இல்லைன்னா ஏன் பூட்டினீங்க?"

"சும்மாயிரு! கத்தாதே!" அவர் குரலைத் தாழ்த்தினார். "அஞ்சு மணிக்குச் சாமியார் வர்றாரு. கமிட்டி பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் பூனையும் நீயும் எங்கே வேணும்னாலும் போங்க."

"அஞ்சு மணிக்கு அது உயிரோட இருக்காது."

"பூனைதானே ஜூடித்?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோட்டுப் பையில் கத்தரிக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

"துரை வீட்டுப் பூனைன்னு சொல்லுவீங்க. இப்பப் பூனைதானா? சரி. நான் கூடத்துக்குப் போய் மரியபுஷ்பம் அக்கா கண்ணுல வச்சது என்னன்னு சொல்றேன்."

பர்னபாஸின் முகம் வேகவைத்த சேனைக்கிழங்கு போலத் தொங்கியது. "யாருகிட்டேயும் வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லு."

"வாயைத் திறக்க மாட்டேன். சாவி."

பூனையைக் காய்கறிக் கூடையில் போட்டுத் துணியால் மூடிப் புறக்கடை வழியாகக் கிளம்பினாள். கையில் தொட்டபோது அதன் அடிவயிறு எலுமிச்சங்காய் போலக் கெட்டியாக இருந்தது. கெம்பையனின் ஜட்கா தெருமுனையில் நின்றது.

"எல்லிகம்மா, மார்க்கெட்டா?" என்று கன்னடத்தில் எங்கே என்று கேட்டான்.

"மாட்டாஸ்பத்திரி. சீக்கிரம் போப்பா."

"கூடைக்குள்ள மாடா?" என்று அவன் சிரித்தான். உள்ளிருந்து வந்த ஓலத்தைக் கேட்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சாட்டையை எடுத்தான்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சீனிவாசன் ஒரு எருதின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடையைத் திறந்து பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பூனையா? ஊரெல்லாம் பூனையைச் சாக்குல கட்டி ஆத்துல விடறா. நீங்க வைத்தியத்துக்குக் கொண்டுவந்திருக்கேள்!"

வயிற்றைத் தொட்டதும் அவர் கேலி நின்றது. எருதுக்காரனைக் காத்திருக்கச் சொன்னார்.

ஜூடித் துண்டில் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். மெல்லிய குழாய் ஒன்றில் எண்ணெய் தடவி, டாக்டர் பொறுமையாக, மிகப் பொறுமையாக உள்ளே செலுத்தினார். துரை அவள் மணிக்கட்டைக் கடித்தது. அவள் விடவில்லை. முதலில் ரவை போல நறநறவென்று ஏதோ வந்தது. பிறகு ரத்தம் கலந்த மூத்திரம் கிண்ணத்தில் கொட்டியது. பூனையின் உடம்பு துண்டுக்குள் மெல்லத் தளர்ந்தது.

"பாத்தேளா, உப்பு மாதிரி பொடி. இதுதான் வாசல்ல அடைச்சிண்டு நின்னது. என்ன போடறேள் சாப்பிட?"

"கருவாடு."

"தண்ணி குடிக்கிறதா?"

அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன வேலை பாக்கறேள்?"

"நர்ஸ்."

டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜூடித்துக்கு.

"கருவாடு இனிமே கூடாது," என்றார் கையைக் கழுவிக்கொண்டே. "பச்சை மீனை வேகவெச்சு, அந்தத் தண்ணியோட போடுங்கோ. குடிதண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கட்டும். பெட்டியில சுத்தமான மணல் வேணும். பினாயில் வாடை இருந்தா அது போகாது. அடக்கிண்டு அடக்கிண்டு மறுபடி அடைச்சுக்கும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தானாப் போச்சுன்னா பிழைச்சுது. போகலேன்னா கொண்டுவாங்கோ. ஆனா ரெண்டாந்தரம் அடைச்சா நான் ஒண்ணும் உறுதி சொல்ல மாட்டேன்."

மத்தியானம் முழுவதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். துரை தண்ணீர் குடித்தது, தூங்கியது. மூத்திரம் போகவில்லை. எருதுக்கும் குதிரைக்கும் நடுவில் எந்தப் பூனைக்கு வரும்? வீட்டுக்குப் போனால் பெட்டியைக் கழுவி நல்ல மணல் போடலாம் என்று கிளம்பினாள்.

புறக்கடை வழியாக நுழைந்தபோது கூடத்தில் விளக்கெல்லாம் எரிந்தது. கமிட்டி வந்துவிட்டது. அடுப்படியில் அண்ணி செலின் விருந்தாளிகளுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, பெட்டி எங்கே?"

"பூனைப் பெட்டியா? உங்க அண்ணன் காலையிலேயே உடைச்சு அடுப்புல வைக்கச் சொல்லிட்டாருடி. கல்கலா அதுலதான் வெந்துச்சு." செலின் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "தடயம் இருக்கக்கூடாதாம்."

ஜூடித் கூடையைத் தரையில் வைத்தாள். மூடியைத் தலையால் நெட்டித் தள்ளிக்கொண்டு துரை வெளியே வந்தது. காற்றை மோந்தது. பின்னங்கால் லேசாகத் தள்ளாட, நேரே கூடத்தை நோக்கி நடந்தது.

எட்டிப் பிடித்திருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் இடம் தேடிப் போகிற பூனையைத் தூக்கினால் அது இன்னொரு தடவை அடக்கிக்கொள்ளும். சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜூடித் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கூடத்தில் பர்னபாஸ் சொற்பொழிவில் இருந்தார். "ஏதோ இந்த எளியவன் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்காரு சாமி. எனக்கு இதுல ஒரு தகுதியும் கிடையாது."

"அது தெரியுது," என்றார் பங்குச் சாமியார். கிழவர், பொடி போடுகிறவர், முப்பது வருஷம் பாவசங்கீர்த்தனத்தில் ஊரார் பாவமெல்லாம் கேட்டு எதற்கும் ஆச்சரியப்படாதவர். குனிந்து, நறுக்கியது போக மிஞ்சிய கறைப் பஞ்சைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். கைக்குட்டையை எடுத்தார்.

அப்போதுதான் துரை முழங்காலில் நின்ற ஜனங்களுக்கு நடுவே வந்தது. குடிலில் ஏறி மூன்று ராஜா பொம்மைகளைத் தாண்டியது. ஒட்டகத்தை இடித்துத் தள்ளியது. மாட்டுக்குப் பின்னால் ஸ்ரீரங்கப்பட்டணத்து மணலை முன்னங்காலால் பறித்தது. திரும்பி நின்றது. குந்தியது.

துரையின் வால் நடுங்கியது. ஜூடித்தின் நகம் உள்ளங்கையில் பதிந்தது. போ, போ, போய்விடு.

சளசளவென்று சத்தம் கேட்டது. நின்று, மறுபடி வந்தது. மணலைத் தாண்டிப் பஞ்சில் ஏறியது. காலையில் இருந்த அதே சிவப்பு, அதே மஞ்சள் ஓரம். இப்போது கொஞ்சம் வெளிறியிருந்தது.

"போகுது!" ஜூடித் இரண்டு கையையும் தட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "சாமி, தானாவே போகுது! பிழைச்சுக்கிச்சு!"

அந்தக் கூடத்தில் அன்று நிஜமான தோத்திரம் சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் புதுக் கறையைப் பார்த்தார்கள். பழைய கறையைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து மரியபுஷ்பத்தின் கண்ணைப் பார்த்தார்கள். மரியபுஷ்பம் புடவைத் தலைப்பால் கண்ணைத் தேய்த்தபடி தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள்.

துரை நிதானமாக மணலை மூடிவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"பர்னபாஸ்," என்றார் சாமியார்.

"சாமி... அது... எனக்குச் சத்தியமா..."

"சத்தியம் பண்ணாதே. எத்தனை வீட்டுக்குப் பஞ்சு குடுத்தே?"

பர்னபாஸ் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"எத்தனையா இருந்தாலும் சரி. இப்பவே போ. ஒவ்வொரு கதவையும் நீயே தட்டு. அது என்னன்னு உன் வாயாலேயே சொல்லித் திரும்ப வாங்கு. அப்புறம் பாலனைத் தொட்டியிலேருந்து எடுத்து அலமாரியில வை. அவரு வர்றதுக்கு இன்னும் நாள் இருக்கு." வாசல்படியில் நின்று திரும்பினார். "அந்த மணலைப் பூனைக்குக் குடுத்துடு."

கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லை. ஒரு காகிதப் பையோடு பர்னபாஸ் தெருவில் இறங்கினார். முதல் கதவு மதலைமுத்துவுடையது. முழங்காலில் பஞ்சை வைத்துக் கட்டியபடி அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

பர்னபாஸ் பஞ்சைத் திரும்பக் கேட்டார். "தரமாட்டேன்," என்றார் மதலைமுத்து. "ஒரு மணி நேரமா வலியே இல்லை."

"அண்ணே, அது வந்து... பூனை மூத்திரம்."

"எந்தப் பூனை? பெர்கின்ஸ் துரை வீட்டுப் பூனையா?"

பர்னபாஸ் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். கதவுகளெல்லாம் திறந்திருந்தன.

"இல்லண்ணே," என்றார். "என் தங்கச்சி ஏதோ ஒரு பூனை வளர்க்கிறா."