சாராயத்தில் கால் முளைத்த இறால்

எரிசாராயத்தில் ஊறிக்கிடந்த அந்த இறாலுக்குப் பிடுங்கப் பிடுங்கக் கால் முளைத்தது. கடலைப் பருப்பு அளவுகூட இல்லாத உருப்படி. பவளத்திட்டில் கடற்பஞ்சின் துளைக்குள் குடியிருக்கிற சாதி. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெருத்திருக்கும், அதைச் சொடுக்கினால் விரல் சொடுக்குகிற சத்தம் வரும். ஸ்லேட்டர் துறை என்கிற கடலோர ஊரின் அருங்காட்சியகத்துப் பின்கட்டு அறையில், லொரெட்டா ஸ்பினெல்லி ஒரு மழைக்காலத்தில் அதை ஜாடியிலிருந்து எடுத்து, உருப்பெருக்கியின் கீழே வைத்து, வலப்பக்கத்துக் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வரைந்தாள். வலப்பக்கம் மட்டும்தான் கழற்றுவது. பின்னால் வந்து சந்தேகப்படுகிறவர்களுக்காக இடப்பக்கத்தை விட்டுவைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கழற்றிய இடத்திலெல்லாம் புதுக் கால் முளைத்திருந்தது. ஜாடிக்குள்ளிருந்து டக்கென்று ஒரு சத்தமும் வந்தது. லொரெட்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதல் காலிலிருந்து ஆரம்பித்தாள். புதுக் காலில் பழைய காலைவிட ஒரு முள் கூடுதலாக இருந்தது, அவளுக்கு அதுதான் எரிச்சல்.

அந்த இறாலைக் கடலிலிருந்து கொண்டுவந்தவன் மெர்வ் கூம்ப்ஸ். சுற்றுலாக்காரர்களைப் பவளத்திட்டுக்கு ஏற்றிப்போகும் படகு வைத்திருந்தான். லொரெட்டாவுக்கு முன்னாள் புருஷன். விவாகரத்தாகி இருபது வருடமாகியும் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தான்; ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில்தான் சாப்பாடு, சாப்பாட்டோடு சண்டையும். முங்கும்போது கண்ணில் பட்ட பஞ்சை உடைத்து, உள்ளே இருந்ததைக் காலி ஊறுகாய்ப் போத்தலில் போட்டு, பிறந்தநாள் பரிசு என்று அவளிடம் நீட்டினான். மாதிரிக்கு இன்னொன்று கிடைக்குமா என்று அவள் கேட்டதற்கு, நகைக்கடையா நடத்துகிறேன் என்றான். ஆக உலகத்தில் அந்த ஒன்றுதான். உடம்பை முழுதாக எழுதி, படம் போட்டு, பெயர் வைத்து அச்சில் ஏற்றும்வரை அப்படி ஒரு பிராணி இருக்கிறது என்று உலகம் ஒத்துக்கொள்ளாது. லொரெட்டாவின் அலமாரியில் அப்படி ஒத்துக்கொள்ளப்படாததுகள் முந்நூறு கிடந்தன, அதனால் அவள் அவசரப்படவில்லை.

அதே வருடம் மெர்வுக்கு நுரையீரல் காய்ந்துபோகிற வியாதி என்று தெரிந்தது. அடுத்த கரும்பு வெட்டைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் ஓகில்வி நாள் குறித்துக் கொடுத்தாள். கரும்பு வெட்டு வந்தது, போனது. மெர்வ் மூக்கில் குழாயோடு வாசலில் உட்கார்ந்து, போகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தான். விஷயம் பிடிபட்டது இரண்டாவது வருடத்தில்தான். ராத்தங்கி ஒரே மூச்சில் எல்லாக் கால்களையும் வரைந்து, கட்டுரையின் கடைசி வரியையும் எழுதி லொரெட்டா முற்றுப்புள்ளி வைத்தாள். அன்று காலையில் இறாலுக்குக் கால் முளைக்கவில்லை, மெர்வை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். செய்தி கேட்டு அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. அறையிலேயே நின்று ஐந்தாம் காலின் படத்தைக் கிழித்துப் போட்டாள். ஜாடியில் டக்கென்று சத்தம் கேட்டது. மத்தியானம் மெர்வ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இறைச்சி அடை வேண்டும், சாஸ் நிறைய வேண்டும் என்று நர்ஸைப் பாடாய்ப்படுத்தினான். அதற்குப் பிறகு யாரும் விளக்கம் கேட்கவில்லை. டாக்டர் ஓகில்வி அவனுக்கு மருந்து எழுதும்போது, எத்தனை நாளைக்கு என்கிற இடத்தில், ஸ்பினெல்லி முடிக்கும்வரை என்று எழுத ஆரம்பித்தாள்.

முடிக்காமல் இருப்பது லேசான வேலை என்று நினைத்தால் அது தப்பு. வேலை நடக்கவும் வேண்டும், முடியவும் கூடாது. லொரெட்டா முட்களை எண்ணினாள், மறுபடி எண்ணினாள். பக்கத்து இனத்தோடு ஒப்பிட வேண்டும் என்று பாரிஸிலிருந்து ஜாடி வரவழைத்தாள், அது வந்து சேரவே இரண்டு வருடம் ஓடியது. அருங்காட்சியகம் நெருக்கியபோது கட்டுரையை அனுப்பினாள், ஆனால் படத்தில் அளவுகோல் போடாமல் அனுப்பினாள். பார்வையிட்ட நிபுணர்கள் இருவரும், சாராயத்தில் மாதிரி உயிரோடிருப்பதாகவும் பிடுங்கிய கால் முளைப்பதாகவும் எழுதியிருந்த பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அளவுகோல் எங்கே என்று இருவரும் கேட்டார்கள். வாலின் முட்களை எதிலிருந்து எண்ணினாய் என்று ஒருவர் நான்கு பக்கத்துக்குக் குடைந்தார். லொரெட்டா சந்தோஷமாக ஒன்றரை வருடம் பதில் எழுதினாள். இதற்குள் அவளுக்குப் பணி ஓய்வு வயது தாண்டிவிட்டது, வலது கட்டைவிரல் இடுக்கியைப் பிடித்துப் பிடித்து விறைத்துப்போனது, அறையைக் காலி செய்யச் சொல்லிக் கேட்டுக் கேட்டு நிர்வாகமும் ஓய்ந்துபோனது.

மெர்வும் ஓய்ந்துபோயிருந்தான். ஒன்பது வருடம் என்பது சாகிறவனுக்கு ரொம்ப நீளம். படகை விற்றாகிவிட்டது, கூட முங்கினவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், கக்கூசுக்குப் போனாலும் சிலிண்டரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இருமி முடிக்கவே அரை நாள் ஆகும், மீதி அரை நாள் அடுத்த இருமலுக்குக் காத்திருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் செய்த பாஸ்தாவைத் தட்டில் கிளறிக்கொண்டே சொன்னான்.

“லொரெட்டா, முடிச்சு விட்ருடி. போதும்.”

“இன்னும் வாய் உறுப்பு பாக்கி இருக்கு.”

“அந்த வாயை நீ ஏழு தடவை வரைஞ்சாச்சு. என் வாயைக்கூட நீ அவ்ளோ பாத்ததில்ல.”

“உன் வாயில பாக்க என்ன இருக்கு? பொய்தான் இருக்கு.”

“சரி, பொய்தான். மூச்சு முட்டுதுடி. ராத்திரியெல்லாம் உக்காந்தே கிடக்கேன்.”

அவள் எழுந்து பாத்திரங்களைத் தொட்டியில் போட்டாள். ஒன்று உடைந்தது. “நீ போய்ட்டா நான் யாரைடா திட்டுவேன்?” என்றாள். மெர்வ் தட்டைத் தள்ளி வைத்தான். இறாலுக்குப் பெயர் மட்டும் என்னுடையது வேண்டாம், உங்கப்பன் பெயரை வை, அவருக்கு என்னையும் பிடிக்காது இறாலையும் பிடிக்காது என்றான். அவள் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த வருடம் கட்டுரை அச்சாகி வந்தது. பெயர் மெர்வ் பெயர்தான், அவன் பேச்சை அவள் எப்போது கேட்டிருக்கிறாள். அளவுகோல் இருந்தது, முட்கள் சரியாக இருந்தன. அன்று மெர்வ் வீட்டில் கூட்டம். ரொக்ஹாம்ப்டனிலிருந்து அவன் தங்கச்சி கறுப்பு உடுப்பைத் தேய்த்து எடுத்து வந்திருந்தாள், பாதிரியார் வந்தார், பழைய படகுக்காரர்கள் பீர் பெட்டியோடு வந்தார்கள். மெர்வ் முகச்சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுப் படுத்திருந்தான். சாயங்காலம் வரை ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்குப் பசித்தது. அருங்காட்சியகத்துக்கு ஆள் போய்ப் பார்த்ததில், ஜாடியில் இறால் முழுக் கால்களோடு டக் டக் என்று சொடுக்கிக்கொண்டிருந்ததாம். பாதிரியாருக்கு வேறு வேலை இருந்தது, போய்விட்டார். தங்கச்சி கறுப்பு உடுப்பைத் திரும்ப மடித்து வைத்தாள். எல்லாரும் போனபிறகு மெர்வ் லொரெட்டாவைக் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அந்தக் கட்டுரையைப் படிக்கச் சொன்னான்.

அவள் படித்தாள். தலையோட்டின் முனை, கண்களுக்கு மேலுள்ள பல், பெரிய கொடுக்கு, சின்னக் கொடுக்கு, கால் காலாக, முள் முள்ளாக. அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான், சில இடத்தில் தலையாட்டினான். கிடைத்த இடம் என்கிற பத்தி வந்தது. பெயரில்லாத திட்டின் வடக்குச் சரிவு, மஞ்சள் கடற்பஞ்சினுள், ஆழம் பன்னிரண்டு மீட்டர், பிடித்தவர் மெ. கூம்ப்ஸ் என்று படித்தாள்.

மெர்வ் கண்ணைத் திறந்தான்.

“பன்னெண்டா? பதினாலுடி. மேட்டை எறங்கினாத்தான் மஞ்சப் பஞ்சே வரும். உங்கிட்ட அன்னிக்கே சொன்னேனே.”

“சொன்ன.”

“அப்போ வேணும்னேதான போட்ட?”

“ஆமா.”

வெளியே யாரோ பீர் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கினார்கள். லொரெட்டா பக்கத்தைப் பார்த்தபடியே பேசினாள். திருத்தம் என்று ஒரு பக்கம் அனுப்பலாம், அது போய்ச் சேர்ந்து, அவர்கள் பார்த்து, அச்சில் வர எட்டு மாதமாவது ஆகும், அதிலும் ஒரு தப்பு விடலாம் என்றாள். குரல் கடன் கேட்பவள் குரல்போல இருந்தது. “எட்டு மாசம்தான மெர்வ். மாம்பழம் வந்துரும்.”

அவன் ரொம்ப நேரம் மூச்சைச் சேர்த்தான். பிறகு அவள் விறைத்த கட்டைவிரலை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“விடு லொரெட்டா. திருத்தம் வேண்டாம், பன்னெண்டாவே இருக்கட்டும். இதோட முடிஞ்சுது.”

லொரெட்டா பக்கத்தைத் திருப்பினாள். மிச்சமிருந்த அரைப் பக்கத்தையும் படித்து முடித்தாள், நன்றி சொல்கிற வரிகள் வரைக்கும். முடிக்கும்போது அவள் விரலைப் பிடித்திருந்த அவன் கை தளர்ந்திருந்தது. அருங்காட்சியகத்தில் அந்நேரம் காவலுக்கு இருந்தவர், ஜாடியில் சத்தம் நின்றதைக் கேட்டு விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் பார்த்தபோது இறாலுக்கு வலப்பக்கம் ஒரு கால்கூட இல்லை. அந்தப் பெயருக்கு மூல மாதிரி இதுதான் என்று சிவப்புச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இப்போது வெளிநாட்டிலிருந்தெல்லாம் அந்தச் சாதி இறாலைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அச்சில் போட்டபடி பன்னிரண்டு மீட்டரில் இறங்கி, வெறும் பாறையைப் பார்த்துவிட்டு மேலே வருவார்கள். படகுக்காரர்கள் கயிற்றில் இன்னும் இரண்டு மீட்டர் விடுவார்கள், அங்கே மஞ்சள் பஞ்சு இருக்கும், உள்ளே சொடுக்குச் சத்தம் இருக்கும். சிலர் திரும்பிப் போகும் வழியில் லொரெட்டா வீட்டு மணியை அடித்து, ஆழம் தப்பாக அச்சாகியிருக்கிறது, திருத்தம் அனுப்பவேண்டாமா என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். வாழ்நாளில் ஒரு முள்ளைக்கூடத் தப்பாக எண்ணாதவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பன்னிரண்டுதான் என்கிறாள்.