மூன்றாம் ஆள் செலவு

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் மூன்றாவதாக ஒருவர் வாழ்ந்துவருவது, அவரும் அவர் மனைவியும் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்த பிறகுதான் தெரியவந்தது. அதுவரை அங்கே இரண்டு பேர் என்றுதான் வாடகை வாங்குபவர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர்கள் இருவரும்கூட அப்படித்தான் நினைத்திருந்தார்கள். கண்டுபிடித்தவர் கடன் பிரிவில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அம்மாள். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்டைக் கையில் கொடுத்தால் போதும். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, காசோலை ஏதாவது திரும்பியிருக்கிறதா, வேறு கடனுக்குத் தவணை போகிறதா, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கைமாற்று வாங்கி இருப்பைக் கொழுக்க வைத்திருக்கிறார்களா என்று அடிக்கோல் வைத்து வரிவரியாகப் படிப்பார். அடுப்படியை எட்டிப் பார்க்காமலே என்ன வேகிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள்.

மெக்கானிக்கின் சம்பளமும், மருந்துக்கடையில் விற்பனையாளராக நிற்கும் அவர் மனைவியின் சம்பளமும் கூட்டுக் கணக்கில் ஒழுங்காக வந்திருந்தன. ஒரு காசோலையும் திரும்பவில்லை. பூதக்கண்ணாடி நிமிர்ந்தார்.

"வீட்ல எத்தனை பேர்?"

"ரெண்டு பேருங்க" என்றார் மெக்கானிக்.

"இதுல மூணு பேர் இருக்காங்களே."

அடிக்கோல் நகர்ந்தது. செவ்வாய்தோறும் நீச்சல்குளத்துக்கு ஒருவர் கட்டணம்; மெக்கானிக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், மனைவிக்கு நீந்தத் தெரியாது. மாதம் இரண்டு தடவை சலூன். மெக்கானிக்கின் தலையில் பத்து வருஷமாக வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு செருப்புக்கடை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. மளிகையும் இரண்டு வயிற்றுக்கு அதிகம். உங்களை நம்பியிருப்பவரின் செலவைக் கழித்தால்தான் எவ்வளவு தவணை கட்ட முடியும் என்று தெரியும், ஆளை மறைத்தால் விண்ணப்பம் செல்லாது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கோப்பை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மனைவி கேட்டாள். "யாருங்க அது?"

"அதை நான்தான் உன்னைக் கேக்கணும்."

நான்கு நாள் பேச்சில்லை. அவர் அவள் பையைத் துழாவினார். அவள் அவர் சட்டைப்பையைத் துழாவினாள். இருவருக்கும் கிடைத்தவை பஸ் டிக்கெட்டுகள் மட்டுமே. ஐந்தாம் நாள், சண்டை போடக்கூட ஒரு ஆள் வேண்டும், ஆளே யாரென்று தெரியாமல் எதற்கு என்று இருவரும் ஸ்டேட்மென்டை மடித்து எடுத்துக்கொண்டு கடைகடையாக ஏறினார்கள். செருப்புக்கடைக்காரர் பார்த்தவுடனே, "பத்தாம் நம்பர்தானே, கடிக்குதா?" என்றார். மெக்கானிக்கின் கால் ஏழு. நீங்கள் இருவரும்தானே அவரைக் கூட்டிவந்தீர்கள் என்று வேறு சொன்னார்.

"ஆள் எப்படி இருந்தாரு?" என்றாள் மனைவி.

"செருப்புக்கடையில முகத்தை யாருங்க பாக்கறாங்க? நல்ல கால்."

சலூன்காரருக்கு, வாயைத் திறக்காத நல்ல வாடிக்கையாளர் என்பது மட்டும் நினைவிருந்தது. செவ்வாய்க்கிழமை நீச்சல்குளத்தின் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்பது தலைகள், நாற்பதிலும் ரப்பர் தொப்பி. வீடு திரும்புவதற்குள் கணக்கில் கட்டணம் கழிந்திருந்தது.

மெக்கானிக் ஒரு வழி கண்டார். சேமிப்பு முழுவதையும் மனைவியின் அண்ணன் கணக்குக்கு மாற்றிவிட்டு, அன்றாடச் செலவுக்குப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டார். அந்தச் செலவுகள் அன்றே நின்றன. ஆனால் பதினோரு வருஷமாக அதே பாத்திரத்தில் அதே அளவு சமைத்து ஒரு பருக்கை மிஞ்சாத வீட்டில், அன்றிலிருந்து தினமும் ஒரு ஆள் சாப்பாடு மிஞ்சியது. முதல் வாரம் அதை எடுத்து வைத்தாள், பிறகு கொட்டினாள். மூன்றாவது வாரம் அவளுக்கே சாப்பாடு இறங்கவில்லை.

"பட்டினியா இருக்காங்களோ என்னவோ" என்றாள்.

"யாருன்னே தெரியாதவங்களுக்கு நீ ஏன் காயறே?"

"எனக்கும் புரியலைங்க. பணத்தைத் திருப்பி வாங்குங்க."

அண்ணன், இது என்ன கூத்து என்று கேட்டபடியே திருப்பி அனுப்பினார். மறுநாள் பாத்திரம் காலியாக இருந்தது. பெரிய தொகை போனதையும் வந்ததையும் பூதக்கண்ணாடி விடுவாரா? இது கடன் அல்ல, அவர்கள் பணமே திரும்பியது என்று அண்ணனிடம் கடிதம் வாங்கிக் கோப்பில் சேர்த்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார். வீட்டில் இருவரைத் தவிர யாரும் இல்லை என்று கையெழுத்திடலாம். செலவுகளுக்கு வேறு விளக்கம் கிடைத்தால் கேட்ட தொகை முழுவதும் கிடைக்கக்கூடும். மூன்று பேர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு குறையும், பார்த்துவைத்த இரண்டு படுக்கையறை வீடு கைவிட்டுப் போகும். மெக்கானிக் பேனாவை எடுத்தார். மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா இல்லைன்னு எழுத எனக்கு வரல."

மெக்கானிக் மூன்று என்று எழுதினார். உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றது. "கூட இருக்கறவர்னு போடலாமா?" என்று கேட்டார். அப்படியொரு உறவு படிவத்தில் இல்லை என்று பூதக்கண்ணாடி வருத்தத்தோடு சொல்லி, சற்று யோசித்து, "மற்றவைன்னு போடுங்க" என்றார்.

கிடைத்த கடனுக்கு ஒற்றைப் படுக்கையறை வீடுதான் அமைந்தது, அதுவும் நான்காவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். மெக்கானிக்கின் நண்பர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வருஷங்கள் போயின. மூன்றாம் ஆள் ஒரு பைசா வரவு வைத்ததில்லை. செலவும் வரம்பு மீறியதில்லை. ஒரு மழைக்காலத்தில் மட்டும் இருமல் மருந்து இரண்டு புட்டி. அன்று மனைவி வெந்நீரைக் கூடுதலாகப் போட்டு மூடி வைத்தாள்.

ஆறாவது வருஷம் குடியிருப்போர் சங்கம் தண்ணீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று வைத்தது. செயலாளர் நோட்டோடு வந்து மூன்று பேருக்குக் கேட்டார். மூன்று என்று யார் சொன்னது என்றார் மெக்கானிக்.

"யார் சொல்லணும்? படியில தினம் எதிர்ல வர்றாரே. போன வாரம் என் கேஸ் சிலிண்டரை அவர்தான் மேல தூக்கி வந்தாரு."

"எப்படி இருப்பாரு?"

"உங்க வீட்டு ஆளை என்கிட்ட கேக்கறீங்களே, சார்!" என்று செயலாளர் சிரித்தார்.

மெக்கானிக் இன்னொன்று கேட்க வாயெடுத்தார். "முதல்ல காசைக் குடுங்க" என்றாள் மனைவி உள்ளிருந்து. மூன்று பேருக்கும் கட்டி ரசீது வாங்கினார். செயலாளர் எதிர்வீட்டு மணியை அடித்தார். கதவைச் சாத்தப் போன மெக்கானிக், கீழே யாரோ படியேறும் சத்தம் கேட்கவே, அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனார்.