ஏழரை மில்லிமீட்டர்

போதகர் ‘ஆமென்’ சொல்லி முடித்ததுதான் தாமதம், சரிவுக்கு அப்பால் துப்பாக்கி சுடும் திடலில் வெடிச்சத்தம் மறுபடி தொடங்கிவிட்டது. கிழவர் கோட்ஃப்ரீட்டின் அடக்கத்துக்காக ஊரின் வருடாந்தரத் துப்பாக்கிப் போட்டி விழாவை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்பாவின் குழியில் மண் போட்டுவிட்டு நிமிர்ந்த தெரேஸ் கணவனைப் பார்த்தாள். உர்ஸின் தலை திடல் பக்கம் திரும்பியிருந்தது.

விடுதியில் சாவுச் சாப்பாடு. உர்ஸின் தட்டில் பன்றித் தொடைக்கறி தொடப்படாமல் கிடந்தது. மூன்று நாளாக அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இருபத்து நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தத் துப்பாக்கி உசத்தி என்று அப்பாவோடு கத்திக் கத்தியே சாப்பிட்டவன். அப்பாவிடம் பட்டாளத்துப் பழைய ஏழரை மில்லிமீட்டர் துப்பாக்கி. இவனிடம் பின்னால் வந்த ஐந்து புள்ளி ஆறு. இருவரும் காகிதத்தைத் தவிர எதையும் சுட்டதில்லை.

தெரேஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

“என்ன இருந்தாலும் அப்பா துப்பாக்கிதான் துப்பாக்கி. உன்னோடது கொசு.”

உர்ஸ் நிமிர்ந்தான். “கொசுவா? நிஜச் சண்டையில ஒருத்தன் எவ்வளவு தூக்குவான்? உங்கப்பா நூறு தோட்டா தூக்குற எடையில நான் இருநூறு தூக்குவேன்!”

“முந்நூறு மீட்டர்ல காத்து அடிச்சா அந்த இருநூறும் எங்க போகும்?”

“அப்படியே மாமா மாதிரியே பேசாதடி!”

மேசை முழுக்கச் சிரித்தது. யாரோ மேசையைத் தட்டி, “திடல் ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கு!” என்றார்கள்.

அரை மணி நேரத்தில் கறுப்பு உடையோடு பாதி ஊர் அங்கே நின்றது. தெரேஸ் உர்ஸின் கோட்டை விரித்து, துக்க உடுப்போடு அதன்மேல் குப்புறப் படுத்தாள். துப்பாக்கியைத் தொட்டு ஒன்பது வருடம். அப்பாவுடையது ஆறு கிலோ. ஒவ்வொரு வெடிக்கும் தோளில் இடித்தது. ஆனால் குண்டு குறிவைத்த இடத்துக்கே போனது. ஒரு வெடிக்கு நான்கு புள்ளிதான் உச்சம். பதினெட்டு வெடியில் அவளுக்கு அறுபத்தாறு புள்ளி.

“கிழவர் எழுந்து வந்துட்டாருய்யா!” என்று ஒருவர் கத்தினார்.

அடுத்து உர்ஸ். பன்னிரண்டு வெடிக்குப் பிறகு நாற்பத்து நான்கு. கடைசி ஆறுக்கு ஒரே நிமிடம். அந்த நேரம் பார்த்து ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று எழும்பியது. கொடி விறைத்து நின்றது. முதல் குண்டு வலப்பக்கம் ஒதுங்கியது. மூன்று.

“கொசு பறக்குது!”

உர்ஸ் காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் தள்ளிக் குறிவைத்தான். நான்கு. நான்கு. தெரேஸ் தன்னையறியாமல் பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்திருந்தாள். நான்கு. நான்கு. நேரம் முடிய மூன்று நொடி இருக்கையில் கடைசி வெடி. எல்லோரும் புள்ளி காட்டும் திரையைப் பார்த்தார்கள்.

நான்கு. மொத்தம் அறுபத்தேழு.

உர்ஸ் துள்ளி எழுந்தான். மாமனாரை அவன் ஒரு வருடம்கூட ஜெயித்ததில்லை. “பாத்தீங்களா மாமா!” என்று கையை உயர்த்திக்கொண்டு கிழவர் எப்போதும் உட்காரும் பின்வரிசைப் பெஞ்சுப் பக்கம் திரும்பினான்.

அங்கே இரண்டு பெண்கள் சாஸேஜ் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஊரார் வந்து முதுகில் தட்டினார்கள். வெள்ளை ஒயின் வந்தது. ஏழு மணிக்குத் திடல் ஓய்ந்து, எல்லோரும் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். தெரேஸ் இரண்டு துப்பாக்கிகளையும் உறையில் போட்டுவிட்டு வந்தபோது, உர்ஸ் இலக்குகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காதை மூடும் கவசத்தை இன்னும் கழற்றவில்லை.

அவள் அவனைக் கூப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.