டேங்க் மூடியில் சந்தனம்

திண்டிவனத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மலர்விழிக்கு வேலை தயாராக இருந்தது. விழுப்புரத்திலிருந்து நினைத்த நேரத்துக்குப் பஸ் உண்டு. ஆனால் புகுந்த வீட்டில் மருமகளைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்புகிற வழக்கம் கிடையாதாம். புருஷன் புகழேந்திதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவனிடம் இருந்ததோ அவன் அப்பா ஓட்டிய ஒற்றை சிலிண்டர் புல்லட். வாசலில் நின்று தெருவே அதிர உறுமும்; விக்கிரவாண்டி தாண்டியதும் உயிரை விடும்.

ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். அவளை மரத்தடியில் நிற்கவைத்துவிட்டு புகழேந்தி பிளக்கைக் கழற்றி ஊதுவான், டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்ப்பான், உதைப்பான். வண்டி கிளம்பிவிடும். ஆனாலும் இதை நம்பி அவ்வளவு தூரம் போக முடியாது என்று விழுப்புரத்துக்கே திருப்புவான். அவளும் பின்னால் ஏறி உட்காருவாள். வேறு யாரிடம் கெஞ்சுவாள் பாவம், வண்டியிடமே கெஞ்சினாள். புகுந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே வெள்ளிக்கிழமை தவறாமல் அதைக் கழுவித் துடைத்து, டேங்க் மூடியின் நடுவில் சந்தனம் அப்பி, குங்குமம் வைப்பவள், இப்போது இந்தத் தடவையாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டாள்.

இன்றைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று திண்டிவனத்தில் சொல்லிவிட்டார்கள். காலையிலேயே கிளம்பினார்கள். வண்டி வழக்கமான இடத்தில் நின்றது. புகழேந்திக்குப் போன் வர, பேசிக்கொண்டே தள்ளியிருந்த டீக்கடைப் பக்கம் போனான்.

மலர்விழி இந்த முறை மரத்தடிக்குப் போகவில்லை. வண்டி ஏன் இப்படி நிற்கும் என்று சமையலுக்கு நடுவே செல்போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தாள். கார்புரேட்டருக்குப் போகும் டியூபைப் பிடுங்கினாள். டேங்க் நிறைய இருந்தும் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. டியூபில் பெட்ரோல் கொட்டியது. அவசரமாக டியூபை மாட்டிவிட்டு மூடியைத் திருப்பிப் பார்த்தாள். பெட்ரோல் தடையில்லாமல் இறங்குவதற்காகக் காற்று உள்ளே போகிற பொடித் துளையில் அவள் வைத்த சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. தன் வேண்டுதலே தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது.

புகழேந்தி வந்ததும் குற்றவாளியாக மூடியை நீட்டினாள். "ஏங்க, எல்லாம் என்னாலதாங்க. நான் வச்ச சந்தனந்தான் அடச்சிக்கினு இருந்துது."

அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும். மெக்கானிக் துரைக்கண்ணு அப்பவே சொன்னாரு. ஏறு, வூட்டுக்குப் போலாம்."

அவள் சந்தனம் அப்பிய வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் அவன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. திண்டிவனம் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. கை காட்டினாள், நின்றது, ஏறினாள்.

சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் டேங்க் மூடி தன் கையிலேயே இருப்பதைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, திறந்த டேங்க்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு புகழேந்தி நின்றான். இனி அவனும் கொஞ்சம் நிற்கட்டும். புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி, அந்தத் துளையைக் குத்தத் தொடங்கினாள்.