நாற்பத்தோரு படிகளில் ஒரு ஜோடி ஷூ

இணைய விளையாட்டு ஒன்றுக்குள் தைக்கப்பட்ட ஒரு ஜோடி ஷூ, செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பழுப்புத் தோல், மெழுகு தடவிய நூல், இடது அடிப்பாகம் மட்டும் ஒன்றேகால் அங்குலம் கூடுதல் தடிமன். அவளுக்கு இடது கால் பிறவியிலேயே அவ்வளவு குட்டை. இதுவரை செய்து வாங்கிய ஷூ எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் அவள் இடுப்பைச் சும்மா விட்டதில்லை. இதைப் போட்டுக்கொண்டு அடுப்படி வரை போய்த் திரும்பினாள், வலியைக் காணோம். உடன் குடியிருந்த அண்ணன், பேருந்து ஓட்டுநர், "யாரு குடுத்தது?" என்று கேட்டார். "நான்தான் தைச்சேன். ஒன்பது நாளாச்சு" என்றாள். அவர் தையலை இழுத்துப் பார்த்தார், கெட்டியாக இருந்தது, வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த விளையாட்டில் மந்திரவாதிகளும் பறக்கும் பாம்புகளும் உண்டு. லட்சம் பேர் வீட்டிலிருந்தபடியே அதற்குள் போய்ச் சண்டை போட்டார்கள். ஆனால் ஷூ வேண்டுமென்றால் மந்திரம் செல்லாது. தோலை மரப்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், நிழலில் மூன்று நாள் காயவிட வேண்டும், அதுவும் உங்கள் வீட்டுக் கடிகாரப்படி மூன்று நாள். ஊசித்துளை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும். அவசரப்பட்டால் தோல் வெடிக்கும். மொத்தம் நாற்பத்தோரு படிகள். இந்த விதிகளை எழுதியவரை, விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் அலுவலகத்தில் 'குடைச்சலார்' என்று அழைத்தார்கள். முகத்துக்கு நேராகவே அழைத்தார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். "பாம்பைக் கொல்ல வந்தோமா, தோல் ஊறப்போட வந்தோமா?" என்று ஆடுகிறவர்களிடமிருந்து தினமும் புகார் வந்தது.

நான்காவது படி, கால்களை அளப்பது. இடது தனி, வலது தனி. எல்லோரும் திரைக்குள் தங்களுக்கென்று இருக்கும் வீரனின் காலை அளந்தார்கள். இவள் மட்டும் டேப்பை எடுத்துத் தன் காலை அளந்தாள். தொழில் புத்தி. கடையில் மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக அளப்பவள். இரண்டும் சமம் என்று நம்பிக் கண்ணாடி போட்டால் வாங்கியவர் தலைவலியோடு திரும்பி வருவார். உள்ள ஆளை அளந்துதான் அவளுக்குப் பழக்கம், இல்லாத ஆளை அளக்கத் தெரியாது. மற்றவர்கள் தைத்த ஷூக்கள் உரிய கால்களுக்குப் போயின, அதாவது திரைக்குள்ளேயே. இவளுடையதும் உரிய காலுக்குத்தான் வந்தது. திரைக்குள் அவளுடைய வில்வீராங்கனை வெறுங்காலோடு திரிந்தாள்.

குடைச்சலார் தேய்மானத்துக்கும் விதி எழுதி வைத்திருந்ததால் எட்டு மாதத்தில் அடி தேய்ந்தது, மறுபடி தைத்தாள். நான்கு ஆண்டில் ஆறு ஜோடி. கடையில் நாள் முழுக்க நின்றாள், மாடிப்படி ஏறினாள், ஒரு தடவை காரணமே இல்லாமல் தெருமுனை வரை ஓடினாள். ஐந்தாம் ஆண்டில் நிறுவனம் அறிவித்தது: அடுத்த மாதம் முதல் படிகள் கிடையாது, ஒரே பொத்தான், அழுத்தினால் ஷூ. சோதனைப் பதிப்பில் அழுத்திப் பார்த்தாள். காலையில் கட்டிலடியில் ஒரு ஜோடி இருக்கத்தான் செய்தது, காகிதக் கனத்தில், இரண்டு அடியும் ஒரே உயரத்தில். நாலு எட்டு வைப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் அது காணாமலும் போயிற்று. இருக்கிற நாட்களுக்குள் பழையபடி கடைசியாக ஒரு ஜோடி தைத்துக்கொண்டாலும் எட்டு மாதம்தான் வரும். அதற்குப் பிறகு பழைய வலிதான்.

விடுப்பு எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போனாள். மூன்றாவது மாடியில் குடைச்சலார் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். பொத்தானுக்கு விதி எழுத ஆள் தேவையில்லை. கெஞ்சுவதற்கென்று அவள் மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் அவரைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. தனக்கு நல்லது செய்தவர் யாரென்று தெரிந்து, நேரில் போய் நிற்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. "நாலு வருஷமா வலியில்லாம நடக்கிறேன் சார். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். நடந்ததையும் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. தரையில் உட்கார்ந்து ஷூவைத் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்தேழாவது படியில ரெட்டை முடிச்சு போடலையேம்மா."

"விளையாட்டு ஒத்துக்கிச்சே சார்."

"ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது. என் தப்பு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினோரு ஆண்டு வேலையில் ஒருவர் அவருக்கு நன்றி சொன்னது அன்றுதான்.

பேச்சுக்குரல் கேட்டு வந்த மேலாளர் அம்மா, அவளைக் கதவிலிருந்து ஜன்னல் வரை நடக்கச் சொன்னார். நடந்தாள். இன்னொரு தடவை என்றார். பிறகு, பொத்தானும் இருக்கட்டும், பக்கத்திலேயே படிகளும் இருக்கட்டும், அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். குடைச்சலார் பெட்டியில் கட்டியதை மேசையில் எடுத்து வைத்தார்.

பொத்தானுக்குத்தான் கூட்டம். படிகள் பக்கம் மாதத்துக்கு நாலைந்து பேர் வந்தார்கள். நான்காவது படியில் 'யாருடைய கால்?' என்று அவர் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஆண்டில் பதினேழு பேர் தங்கள் காலையே அளந்தார்கள். பதினேழு ஜோடியும் அவரவர் வீடு போய்ச் சேர்ந்தன. பதினாறு பேர் நன்றி எழுதினார்கள். ஒருவர் மட்டும், சுண்டுவிரலைக் கடிக்கிறது என்று திட்டி எழுதியிருந்தார். குடைச்சலார் அதை இரண்டு தடவை படித்தார், அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், "ஈரத்துணியைச் சுருட்டி ஒரு நாள் உள்ளே வைங்க, சரியாயிடும்" என்று பதில் போட்டார். சரியாகிவிட்டது.