நெய்வேலி சம்பவம்

...இல்லை, அன்றைக்கு அவள் கையில் இருந்தது தோட்டா இல்லை, குழம்புக் கரண்டி, அதையும் கீழே போட்டுவிட்டுத்தான் ஓடினாள், ஆனால் அவர் எழுதியபோது கரண்டி தோட்டாவாகிவிட்டது, 'என் மனைவி கை நடுங்காமல் இரண்டு தோட்டாக்களை எடுத்துக் கொடுத்தாள்' என்று ஆகிவிட்டது, நடுங்கவில்லையாமே, கரண்டி விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னக்கா என்னக்கா என்று கேட்டாளே... தமயந்தி போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரைட்டர் ஏட்டு இன்னும் வரவில்லை. உள்ளே ஏதோ ஓர் அறையில் பூட்டுக்குப் பின்னால் அவள் கணவர் பரமசிவத்தின் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவுப்படி மார்ச் மாதம் அவரே கொண்டுவந்து கொடுத்தார், கொடுத்துவிட்டு வந்து மூக்கு விடைக்க ஒரு கட்டுரை எழுதினார், அரிவாள் வைத்திருப்பவனை விட்டுவிட்டு வரி கட்டுகிறவனின் துப்பாக்கியைப் பிடுங்குகிறார்கள் என்று, அதற்கு வந்த பாராட்டுகளைப் படித்து முடிப்பதற்குள் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். தேர்தல் முடிந்து அவரவர் துப்பாக்கியை அவரவர் வாங்கிக்கொண்டு போனார்கள், இது மட்டும் ஆளில்லாமல் கிடக்கிறது. முதல் வாரிசு அவள். அவள் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் மகன் அருள் தன் பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம். காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனான், "அம்மா, லூர்துசாமி மாமா ஆட்டோல வருவாங்க, ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு." கேட்கவில்லை, சொன்னான். அவன் அப்பாவும் எதையும் கேட்டதில்லை.

கேட்கிற ஆளாக இருந்தால் அதை வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாரா? கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த மனுஷன், துப்பாக்கியைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. காடாம்புலியூரில் கொஞ்சம் முந்திரித்தோப்பு வாங்கினார், பக்கத்துத் தோப்புக்காரர் லூர்துசாமி காட்டுப்பன்றிக்காக ஒன்று வைத்திருந்தார், அதைத் தோளில் வைத்துப் பார்த்த அன்றைக்கே பித்துப் பிடித்துவிட்டது. அப்புறம் எழுத்து. கோயம்புத்தூரிலிருந்து 'தற்காப்பு' என்று ஒரு மாத இதழ் வரும், துப்பாக்கி வைத்திருப்பவர்களும் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களும் தாங்களே எழுதித் தாங்களே படிப்பது, அதில் முதலில் குழலுக்கு எண்ணெய் போடுவது எப்படி என்று எழுதினார், பிறகு உரிமையைப் பற்றி எழுத ஆரம்பித்தார், வெள்ளைக்காரன் பறித்துக்கொண்ட ஆயுதத்தை நம்மவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை, ஆயுதம் இல்லாதவன் இந்த நாட்டில் குடிமகன் இல்லை, வெறும் குடியிருப்பவன் என்று... நன்றாகத்தான் எழுதுவார், அதைச் சொல்லத்தான் வேண்டும், கம்பெனி குவாட்டர்ஸில் குடியிருந்துகொண்டே இதை எழுதுகிறாரே என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இதழ் நின்றுபோனதும் இன்டர்நெட்டில் குரூப் ஆரம்பித்தார்கள், ரிட்டயர் ஆகி குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்துக்குக் குடிவந்த பிறகு அங்கிருந்த பிரவுசிங் சென்டர்தான் அவருக்கு வீடு. எல்லாவற்றிலும் பேர் வாங்கியது 'நெய்வேலி சம்பவம்'. பட்டப்பகலில் இரண்டு திருடர்கள் காம்பவுண்டுச் சுவரேறிக் குதிக்கிறார்கள், பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்த மனைவி பதறாமல் எழுந்து தோட்டாவை எடுத்துக் கொடுக்கிறாள், கணவன் குறி பார்க்கிறான், குழலைக் கண்டதுமே அவர்கள் வந்த வழியே ஓடுகிறார்கள், 'சுடாமலேயே காப்பாற்றும், அதுதான் துப்பாக்கி' என்று முடியும். மைசூரிலிருந்து ஒருவர் அதை இங்கிலீஷில் மாற்றினார், சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குப் போன மனுவில் அது சாட்சியாகப் போனது, கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாத ஆண்கள் கைகூப்பி, "நீங்கதானாம்மா அது" என்பார்கள். சிரித்துவைப்பாள். பந்தி நடக்கும் இடத்தில் வேறென்ன செய்ய?

பலாச்சுளை மட்டும் நிஜம். தட்டு நிறைய ஹாலில் இருந்தது, வீடே மணத்தது, அன்றைக்கு அருளுக்கு பிளஸ் டூ மார்க் ஷீட் வந்திருந்தது, கணக்கில் பெயில். பரமசிவம் தரையில் பேப்பரை விரித்துத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்துக்கொண்டே பேசினார், பேசப் பேசத் தானே சூடேற்றிக்கொள்வார், அது அவர் வழக்கம், பக்கத்து பிளாக்கில் இருக்கிறவன் மகன் இன்ஜினியரிங் போகிறான், நீ என்னத்துக்கு, உனக்குச் சோறு எதற்கு, உயிர் எதற்கு... அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தபோது குழல் உயர்ந்திருந்தது. பையன் பீரோவில் முதுகை ஒட்டி நின்றான், வாயில் ஒரு சுளை, மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. எப்படி ஓடினாள், எப்படி நடுவே போய் நின்றாள் என்பதெல்லாம் தெரியாது, இரும்பு மார்பில் பட்டது தெரிந்தது, ஜாக்கெட் துணியைத் தாண்டிக் குளிர்ந்தது, பின்னாலிருந்து பையன், "அம்மா தள்ளிக்கோ" என்றான், குரலே இல்லாமல். அப்போதுதான் விசையை அழுத்தினார். டிக். இன்னொன்றையும் அழுத்தினார். டிக். "லோடே பண்ணலடி, சும்மா பயங்காட்டினேன்" என்று சிரித்தார், அவள் முகத்தைப் பார்த்து இன்னும் சிரித்தார். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது, அவள் போய் அடுப்பை அணைத்தாள், "சாப்பிட வாங்க" என்று இரண்டு பேரையும்தான் கூப்பிட்டாள், இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

லூர்துசாமி டீயோடு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் சிலுவை போட்ட ஜெபமாலை, காதோரம் நரைத்த சாதுவான மனிதர், பரமசிவம் செத்த அன்றைக்கு வாய்விட்டு அழுத ஒரே ஆள். "ஏட்டு இப்ப வந்துடுவாருக்கா. கையெழுத்து போட்டாச்சின்னா மத்தத நான் பாத்துகினு வந்துடுறேன்" என்றார். பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, "அருள் தம்பி எழுதனத படிச்சீங்களாக்கா? போன வாரம் குரூப்புல போட்டுச்சி" என்றார்.

"என்ன எழுதினான்?"

"அதான்க்கா, அந்தச் சம்பவம். தம்பி எழுதியிருக்குது, நான் அப்ப கதவுக்குப் பின்னால நின்னுகினு இருந்தேன், எங்கம்மா தோட்டா எடுத்துக் குடுத்தத என் கண்ணால பாத்தேன், அன்னிக்குத்தான் எனக்கு துப்பாக்கின்னா என்னான்னு புரிஞ்சிச்சின்னு. படிச்சிட்டு எனக்கே தொண்டைய அடைச்சிகிச்சி. சாரு போனாலும் எழுத்து போவல."

கண்ணால் பார்த்தானாம்... டீ டம்ளர் விரலைச் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றானாம். எந்தக் கதவு? மறந்துவிட்டானா, இரட்டைக்குழலின் இரண்டு ஓட்டைகளையும் நேருக்கு நேர் பார்த்தவனுக்கு அது மறக்குமா, அல்லது மறக்காததனால்தான் பீரோவை விட்டுத் தன்னை நகர்த்திக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டானா, அங்கேதான் அவனுக்குப் பத்திரமாக இருக்கிறதா... அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவன் எதற்குத் துப்பாக்கியைக் கேட்கிறான்? அப்பாவின் நாற்காலியில்தான் இப்போது உட்காருகிறான், கான்ட்ராக்ட் வேலை பெர்மனென்ட் ஆகவில்லை என்கிற ஆத்திரத்தையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் பேசுகிறான், பேசப் பேசத் தானே சூடேறுகிறான். போன வாரம் ரசம் ஆறிப்போயிருக்கிறது என்று தட்டைச் சுவரில் எறிந்தான், மருமகள் வடிவு குனிந்து பருக்கைகளைப் பொறுக்கினாள், பொறுக்கிக்கொண்டே தலை நிமிராமல், "அத்தை, அது நம்ம வீட்டுக்கு வர வேணாம்" என்றாள். எது என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஏட்டு வந்தார், மேஜைக்குக் கூப்பிட்டார். இளவயசுக்காரர், பொறுமையாகவே பேசினார். "நீங்கதாம்மா முதல் வாரிசு. பையன் பேருக்குச் சம்மதம்னு எழுதிக் குடுக்கலாம், இல்ல டீலர்கிட்ட வித்துடலாம், இல்ல அரசாங்கத்துக்கே ஒப்படைச்சிடலாம். எதுன்னு சொல்லுங்க."

"ஒப்படைச்சிடுறேங்க" என்றாள் தமயந்தி. அவள் குரல்தான், சந்தேகமில்லை.

லூர்துசாமி பாதி எழுந்துவிட்டார். "அக்கா, என்னக்கா இது, கொஞ்சம் யோசனை பண்ணுங்க. ஒப்படைச்சா திரும்ப வராதுக்கா, உருக்கிடுவாங்க. குரூப்புல நான் என்னான்னு சொல்லுவேன்? நெய்வேலி சம்பவத்துத் துப்பாக்கிக்கா அது."

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல தம்பி."

அவர் ஏட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளை நோக்கிக் குனிந்தார். குரல் தணிந்துவிட்டது. "தெரியும்க்கா. சாரே ஒருவாட்டி சொன்னாரு, திருடன்லாம் யாரும் வர்லன்னு. எல்லாரும் கொஞ்சம் சேத்துதான்க்கா எழுதறது. நான் கன்னுக்குட்டி சைசுல பன்னி சுட்டேன்னு எழுதியிருக்கன், சுட்டது எந்தோப்பு முந்திரிக் கிளைய. நல்ல விஷயத்துக்குத்தான..."

அப்படியா. தெரியுமா. இத்தனை நாளும் தெரிந்தே கைகூப்பினார்களா... எரிச்சல்கூட வரவில்லை அவளுக்கு. "திருடன் வரலன்னு சொன்னாரு, சரி. குழலுக்கு முன்னால யாரு நின்னாங்கன்னு சொன்னாரா?"

"...இல்லியேக்கா."

"அருள்."

லூர்துசாமி திரும்ப உட்கார்ந்துவிட்டார். ஏட்டு காகிதங்களுக்குள் குனிந்துகொண்டார். வெளியே மரத்தடியில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. "எங்க கையெழுத்துங்க?" என்று தமயந்தி கேட்டாள், காட்டிய இடத்தில் போட்டாள், இன்னோர் இடத்தில் போடச் சொன்னார்கள், அங்கேயும் போட்டாள். கை நடுங்கத்தான் செய்தது. ஆட்டோவரை வந்த லூர்துசாமி ஏறவில்லை, "நான் பஸ்ல போய்க்கிறன்க்கா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஆட்டோ அவர்கள் முன்பு குடியிருந்த குவாட்டர்ஸ் பிளாக் வழியாகத் திரும்பியது, காம்பவுண்டுச் சுவர்கள், கொடியில் கரித்தூள் படிந்த வேட்டிகள், அவள் எதையும் பார்க்கவில்லை, அருளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தாள். ரூல்ஸ் மாறிடுச்சாம்டா, இப்பல்லாம் மகன் பேருக்கு மாத்த முடியாதாம், நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன், அந்த ஏட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சிட்டு, இந்த வருஷத்துலருந்து முடியாதும்மா, எனக்கே மனசு கஷ்டமா இருக்குன்னாரு... சட்டென்று அந்தப் பேச்சு மனசுக்குள் நின்றது. ஏட்டு கண்ணாடியே போட்டிருக்கவில்லையே. எங்கிருந்து வந்தது இந்தக் கண்ணாடி? அதைக் கழற்றி வைத்த சத்தம்கூட அவளுக்குக் கேட்டதே. இவ்வளவு சுலபமாகவா வரும், இப்படித்தான் அவருக்கும் வந்திருக்குமா, முதலில் ஒரு சின்னச் சங்கடத்தை மூடுவதற்காக... யாரோ ஒரு தோப்புக்காரரிடம், முன்பின் தெரியாத ஏட்டின் எதிரில், அருள் என்று சொல்ல முடிந்தது, அந்த அருளிடம் சொல்ல முடியாதா? பயமா? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம் பயம்தான், மறைப்பானேன். ஆனால் பீரோவோடு ஒட்டி நின்ற பையனிடம் என்ன பயம் இருந்தது, அன்று ராத்திரி, மறுநாள், அதற்கு மறுநாள், ஒரு தடவை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாளா, சாப்பிட வா, குளிக்க வா, சட்டையைக் கழற்றிப் போடு, இதைத் தவிர என்ன பேசினாள்? அவனிடம் அன்றைய நாளைப் பற்றி வாய்திறந்தவர் ஒருவர்தான், எழுதியவர். அதைத்தானே அவன் எடுத்துக்கொள்வான்...

"வூடு வந்துடுச்சிம்மா" என்றான் ஆட்டோக்காரன். வாசலில் அருளின் பைக் நின்றது. ஷிப்ட் முடிந்து வந்துவிட்டான், உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். அவள் இறங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்தியாடா என்று கேட்கலாமா, ஞாபகம் இருக்கா என்று கேட்கலாமா, எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தை முதல் வார்த்தை... ஒன்றும் வரவில்லை, பொய் மட்டும் கண்ணாடிவரைக்கும் தயாராக இருந்தது.